கத்திகளை ஆற்றில் போட்ட மகனுக்கு

ஐயா,

உன் மனைவி இன்று காலையும் வெங்காயத்தைக் கத்தரிக்கோலால்தான் நறுக்கினாள். அரிவாள்மனை, பாராங், தேங்காய் உடைக்கிற கொடுவாள், ஆப்பிள் சீவுகிற சின்னக் கத்தி என்று ஒன்றையும் விடாமல் கோணிச் சாக்கில் கட்டி, பாலத்தில் லோரியை நிறுத்தி ஆற்றில் எறிந்துவிட்டுப் போனாயே, அன்றிலிருந்து இந்த வீட்டுச் சமையல் தையல் கடை வேலையாகிவிட்டது. நேற்று கோழிக்கறி வேண்டுமென்று வாங்கி வந்தேன். கத்தரிக்கோல் எலும்பில் மாட்டிக்கொண்டது. மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்த இழுப்பில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தர்ஷினி சிரிக்கவில்லை. பாதிக் கோழியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அதைப் பார்த்த பிறகுதான் உனக்கு எழுதுவது என்று உட்கார்ந்தேன். பாசிர் பெனம்பாங்கில் மீன்கடை மாடியில், உன் கூட்டாளி அறையில் படுத்திருக்கிறாய் என்று தெரியும். போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். இதை அந்தப் பையனிடமே கொடுத்தனுப்புகிறேன். அவன் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும், மாடியில் இருக்கிற எல்லோரும் படிக்கட்டும். இந்த வியாதி நம் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது என்று இனி நான் நம்பத் தயாராக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு முப்பதாம் நாள். பேர் வைத்து, முடி எடுத்து, தொட்டிலில் போட வேண்டும். தாய்மாமன் மடியில் வைத்து முடி எடுப்பதுதான் வழக்கம். தர்ஷினிக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. பத்தாங் காலியிலிருந்து அவள் சித்தப்பா மகனைக் கூப்பிடலாம் என்று அவள் அம்மா சொன்னார்கள். இவள் கேட்கவில்லை. "அவரு மடியில வச்சுத்தான் முடி எடுக்கணும் அத்த. அவரு வரலன்னா முடியும் எடுக்க வேணாம், பேரும் வைக்க வேணாம். நான் புள்ளையத் தூக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள். மடித்த துணியெல்லாம் பையில்தான் இருக்கிறது. அவள் போனால் திரும்பி வர மாட்டாள், ஐயா. போகாதே என்று சொல்ல எனக்கும் வாய் இல்லை. ஏன் இல்லை என்பதை நீயும் நானும் அறிவோம்.

நீ வந்து சொன்ன அந்த மத்தியானத்தை நினைத்துப் பார்க்கிறேன். அடுப்படி வாசலில் நின்றுகொண்டு உள்ளே வராமல் சொன்னாய். "ம்மா, புள்ளையத் தூக்குனா தரையில அடிச்சிருவேன்னு தோணுதும்மா. கத்தியப் பாத்தா அது கழுத்துதாம்மா தெரியுது. ரத்தம் கூடத் தெரியுதும்மா. நான் மனுசனா?" உன் உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. உன்னைப் பெற்றவள் அன்று என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, உட்கார வைத்து, இன்னும் என்னென்ன தோன்றுகிறது என்று கேட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு போய் அறையைத் தாழிட்டேன். மறுநாள் உன்னைப் பழைய தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே நடந்ததை நீ உன் பக்கமிருந்து சுமந்துகொண்டிருக்கிறாய். என் பக்கத்தை இன்றைக்குத்தான் சொல்கிறேன். சாமியாடி உன் தலையில் எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்தார். மிளகாய்ப் புகை போட்டார். பிறகு ரோத்தானை எடுத்தார். முதல் பிரம்படியில் நீ கத்தவில்லை. நாலைந்து விழுந்த பிறகு, "அப்பா சொன்னாரும்மா, அப்பா அன்னிக்கே சொன்னாரு" என்று கதறினாய். உடனே சாமியாடி என் பக்கம் திரும்பி, "பாத்தியாம்மா, ஒம் புருசந்தான் எறங்கியிருக்கான்" என்றார். அந்தச் சொல் என் காதில் விழுந்ததுதான் தாமதம், எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. எத்தனையோ வருடமாக நான் அடிக்க நினைத்த ஆள் என் எதிரில் கைகட்டி மண்டியிட்டுக் கிடக்கிறான் என்றுதான் பட்டது. அவர் கையிலிருந்து ரோத்தானை வாங்கி நானே அடித்தேன். உன் முதுகு என்று தெரியவில்லை. உன் அப்பாவின் முதுகு என்று நம்பி அடித்தேன். "போறியா? போறியா?" என்று அவர் கேட்டார். நீ "போறேன், போறேன்" என்றாய். பேயை விரட்டியாயிற்று என்று எல்லோரும் விபூதி பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அன்று சாயங்காலம் கத்தியெல்லாம் போயிற்று, கூடவே என் பிள்ளையும் போனான்.

அப்பா சொன்னார் என்றாயே, அதை நான் மறந்தவள் இல்லை. பள்ளிக்கூட விடுமுறை நாள். தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பொதுவான பைப்படியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த என்னை உன் அப்பா முடியைப் பிடித்து சிமெண்ட் தரையில் தரதரவென்று இழுத்தார். சம்சு சாராயப் பாட்டிலை நான் கொட்டிவிட்டேனாம். வாளி உருண்டது. என் நெற்றி குழாயில் மோதிக் கிழிந்தது. அண்டை அயல் பெண்கள் குடத்தை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள், ஆண்கள் வீட்டுக்குள் போய்விட்டார்கள். நீ விறகுக் கட்டையோடு ஓடி வந்து அவர் மண்டையில் போட்டாய். உனக்கு அப்போது மீசைகூட முளைக்கவில்லை. அவர் என்னை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தார். முகமெல்லாம் ரத்தம். அந்த ரத்தத்தைத் துப்பிக்கொண்டே லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "அப்பன அடிச்ச கைடா இது. நாளைக்கு நீ பெத்ததையும் இந்தக் கை அடிக்கும்டா!" நீ கட்டையைக் கீழே போட்டாய். பிறகு என்ன செய்தாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? உன் சட்டையைக் கழற்றி அவர் மண்டையிலேயே வைத்து அழுத்திக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லோரி வரும் வரைக்கும் அங்கேயே நின்றாய். அதை லயத்தில் யாரும் பேசவில்லை. சாபத்தைத்தான் பேசினார்கள். சாபம்தான் உன்னோடும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அப்பா செத்து இத்தனை வருடமாகியும், உன் மகள் பிறந்த அன்று அது எழுந்து உட்கார்ந்துகொண்டது.

நீ போன பிறகு எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது. அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரை கொடுக்கிற மிஸ்ஸி என் முகத்தைப் பார்த்துவிட்டு, கவுன்சலர் அறைக்குள் அனுப்பிவிட்டாள். உள்ளே ஒரு தமிழ்ப் பெண், உன் வயதுகூட இருக்காது. இவளிடம் என்னத்தைச் சொல்வது என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் உன் கதையெல்லாம் கொட்டிவிட்டேன். அவள் முகம் மாறவே இல்லை. "ஆன்ட்டி, அவருக்கு அப்படிச் செய்யணும்னு ஆசையா இருக்கா, இல்ல செஞ்சிருவோமோன்னு பயமா இருக்கா?" என்று கேட்டாள். பயந்துதான் ஓடிவிட்டான் என்றேன். "காதுல யாராச்சும் பேசுற மாதிரி, செய்யின்னு சொல்ற மாதிரி கேக்குதா?" இல்லை என்றேன். "அப்படி ஆச இருந்தாலோ, குரல் கேட்டாலோ வீட்டுல வச்சிப் பாக்காதீங்க, அன்னிக்கே ஆஸ்பத்திரிதான். இது அந்த மாதிரி தெரியல. இருந்தாலும் நான் அவரப் பாக்காம சொல்லக் கூடாது, கூட்டிட்டு வாங்க. புதுசா புள்ள பெத்தவங்க நெறைய பேருக்கு இந்த மாதிரி தாட்ஸ் வரும் லா. யாரும் வெளிய சொல்றதில்ல, அவ்ளோதான்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது, ஐயா. இவ்வளவு பெரிய பாவத்தை இவள் சளி காய்ச்சல் மாதிரி சொல்கிறாளே என்று.

அப்புறம் அவள் ஒரு வேலை செய்தாள். "சரி ஆன்ட்டி, இப்ப ஒரு நிமிசம், யாரையும் அடிக்கிற மாதிரி மட்டும் நெனைக்காதீங்க. மத்தது என்ன வேணா நெனைங்க" என்றாள். அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் உன் அப்பா தலையில் நான் அம்மிக் குழவியைத் தூக்கிப் போட்டுவிட்டேன். ஒரு தடவை இல்லை. அந்த ஒரு நிமிடமும் போட்டுக்கொண்டே இருந்தேன். அவளிடம் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் ஆளிடம் சொன்னேன். உனக்கும் சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ பாலர் பள்ளி போகிற காலத்திலிருந்து, உன் அப்பா குடித்துவிட்டு மல்லாந்து கிடக்கும்போதெல்லாம் அந்தக் குழவிக் கல் என் கண்ணில் படும். எண்ணெய் காய்ந்தால் முகத்தில் ஊற்று என்று தோன்றும். பக்கவாதம் வந்து விழுந்த பிறகாவது நிற்கும் என்று பார்த்தேன். கஞ்சி ஊட்டும்போது மூக்கைப் பிடி, மூக்கைப் பிடி என்று வரும். நான் கொலைகாரி என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். மாரியம்மன் கோயிலில் தீபாராதனைத் தட்டு எனக்கு நேரே வந்தால்கூட ஒரு எட்டு பின்னால் போய் நிற்பேன். அந்தப் பெண் எல்லாம் கேட்டுவிட்டு, "மூக்கப் புடிச்சீங்களா ஆன்ட்டி?" என்றாள். கஞ்சி ஊட்டினேன் என்றேன். "எத்தன வருசம்?" அவர் சாகிற வரைக்கும் என்றேன். நானே யோசித்துப் பார்த்தேன். எண்ணம் ஒரு பக்கம் கத்திக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்குக் கரண்டியைத்தான் தூக்கியிருக்கிறது.

எண்ணத்தை விரட்டும் மருந்து கேட்டால் அவள் தர மாட்டேன் என்கிறாள். விரட்டினால் இன்னும் அதிகமாகத்தான் வருமாம். கோயிலில் ரோத்தானால் விரட்டினோமே, என்ன கிடைத்தது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவள் சொல்லிக்கொடுத்தது வேறு. "நான் பிள்ளையை அடித்துவிடுவேன்" என்று வந்தால், அதை அப்படியே விழுங்காதே. "பிள்ளையை அடித்துவிடுவேன் என்று எனக்கு ஓர் எண்ணம் வருகிறது" என்று வாய்விட்டுச் சொல். இதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். சொல்லிப் பார். முதல் வாக்கியத்தில் நீ கொலைகாரன். இரண்டாவதில் நீ ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷன். பயம் போகாது. அவள் போகும் என்று சொல்லவும் இல்லை. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், அது எங்கே நடுங்குகிறது என்று பார்த்துக்கொண்டே கையில் இருக்கிற வேலையைச் செய் என்கிறாள். அந்த எண்ணத்துக்கு ஒரு பேர் வைத்துக்கொள்ளச் சொன்னாள். நான் மண்டோர் என்று வைத்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நீ தோட்டத்தில் வேலை செய்ததில்லை, உனக்குத் தெரியாது. காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது தொடங்கி, எங்களை வேலை வாங்குகிற மண்டோர் கத்திக்கொண்டேதான் இருப்பான். நான் செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கின காலத்தில் இருந்தவன், நம் தாத்தா முப்பாட்டன் வரை இழுத்து வைத்துத் திட்டுவான். எதிர்த்துப் பேசினால் இரண்டு மடங்காகக் கத்துவான். காதைப் பொத்தினால் கிட்டே வந்து கத்துவான். நாங்கள் என்ன செய்தோம்? "சரிங்க மண்டோரே" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு செம்பனை நிரைக்குள் போவோம். அவன் கத்துவது கேட்டுக்கொண்டே இருக்கும், நாங்கள் பொறுக்கிக்கொண்டே இருப்போம். அவனை அடித்து விரட்ட வேண்டும் என்று காத்திருந்தால் ஒரு நாளும் ஒரு வாளி நிரம்பியிருக்காது. உன் தலைக்குள்ளும் ஒருத்தன் நின்று கத்துகிறான். உன் அப்பா குரலிலேயே கத்துகிறான். போதையில் மண்டை உடைந்த ஒருவன், வலி பொறுக்காமல் துப்பிய வாக்கியம் அது. தெய்வ வாக்கு இல்லை. அது இனியும் வரும். வந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது நீ கேட்கலாம். "ஏம்மா, நீயும்தானே அடிச்ச, அப்ப எண்ணம் கையில எறங்காதுன்னு எப்படிச் சொல்ற?" கேள். நியாயமான கேள்விதான். அதற்கு நான் பல நாளாக மண்டையை உடைத்துக்கொண்டேன். கோயிலில் எனக்கு எண்ணம் வந்ததால் நான் அடிக்கவில்லை. எண்ணம் வருடக்கணக்காக வந்துகொண்டுதான் இருந்தது, ஒரு ஈயைக்கூட நான் அடித்ததில்லை. அன்று ஒருவர் வந்து, உன் எண்ணம் நிஜம், இதோ உன் புருஷன் என்று சொன்னார். நான் நம்பினேன். நம்பினபோதுதான் அடித்தேன். உன் அப்பாவும் அப்படித்தான். அவர் தன் எண்ணத்தைப் பார்த்து ஒரு நாளும் பயந்ததில்லை. இவள் என்னை மதிக்கவில்லை என்று தோன்றும், தோன்றியது வேதவாக்கு, உடனே அடி. நீயோ உன் எண்ணத்தைப் பார்த்துப் பயந்து கத்தியையெல்லாம் ஆற்றில் போட்டாய். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும், ஐயா. அதை நம்பித்தான் நீயும் ஓடினாய். அடித்த நாங்கள் நம்பி அடித்தோம், நீ நம்பி ஓடினாய், நடுவில் அந்தச் சின்னது தகப்பன் வாசனையே தெரியாமல் வளர்கிறது. உன் முதுகில் நான் போட்ட தழும்புக்கு மன்னிப்புக் கேட்கிறேன். மன்னிக்க முடியாவிட்டால் மன்னிக்காதே. என் மேல் கோபத்தோடேயே வீட்டுக்கு வா.

ஞாயிற்றுக்கிழமை முடி எடுக்கிறவர் சவரக் கத்தியோடுதான் வருவார். கத்தரிக்கோலால் மொட்டை அடிக்க முடியாது. உன் மடியில் பிள்ளை இருக்கும், அந்தத் தலைக்குப் பக்கத்தில் கத்தி இருக்கும், உனக்கு என்னென்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். தெரியட்டும். நடுங்கிக்கொண்டே உட்கார். முடியவில்லை என்றால் சொல், நான் வாங்கிக்கொள்கிறேன், யாரும் உன்னைக் கேலி பேச மாட்டார்கள். பேசினால் நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தக் கவுன்சலர் பெண்ணிடம் திங்கட்கிழமை உனக்கு நேரம் வாங்கி வைத்திருக்கிறேன். லோரி முதலாளியிடம் லீவு சொல்லிவிடு. மாத்திரை வேண்டும் என்று டாக்டர் சொன்னால் மாத்திரையும் சாப்பிடு, அதில் ஒரு வெட்கமும் இல்லை.

இன்னும் ஒன்று. இதைத் தர்ஷினியிடம்கூடச் சொல்லவில்லை. இன்று காலை பிள்ளையை நான்தான் குளிப்பாட்டினேன். குளியலறையில் காலை நீட்டி உட்கார்ந்து, கால் மேல் குப்புறப் போட்டு முதுகுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தர்ஷினி துண்டு எடுக்கப் போயிருந்தாள். பக்கத்தில் நிறைந்த வாளி. அப்போது எனக்கு வந்தது. தலையை அமுக்கு என்று வந்தது. உன் மகளை, ஐயா. நான் உயிராக வைத்திருக்கிற என் பேத்தியை. உன் அப்பா மேல் எனக்கு வன்மம் இருந்தது, அதனால் வந்தது என்று இத்தனை நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்தப் பச்சை மண் மேல் எனக்கு என்ன வன்மம்? எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. நான் ஓடினால் அவளை யார் தூக்குவது? எனக்கு இப்படி ஓர் எண்ணம் வருகிறது என்று மெதுவாக அவளிடமே சொல்லிவிட்டு, அடுத்த குவளைத் தண்ணீரை ஊற்றினேன். காதுக்குப் பின்னால் தேய்த்தேன், விரல் இடுக்கெல்லாம் கழுவினேன். என் மேல் மூத்திரம் பெய்துவிட்டு வீறிட்டு அழுதாள். துடைத்து, சாம்பிராணி போட்டு, தூங்க வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை முடி எடுத்ததும் அவளைக் குளிப்பாட்ட வேண்டும். தண்ணீர் நான் ஊற்றுகிறேன். பிள்ளையை நீ பிடித்துக்கொள்.

அம்மா